நிசீதிகையும் மருத்துவ உயிலும்

1993இல் பிரிக்கப்படும் வரை, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்துள் செஞ்சியும் அடங்கியிருந்தது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அறிவிக்கும் பழங்கல்வெட்டு இருக்கிறது. இத்தகைய நினைவிடத்தை நிசீதிகை என்பர். தாமே தேர்ந்த மரணத்தைப் போற்றிக் கல்லில் பொறித்த மண் இது.

ஷரீஅத்தின் நிலை வேறு. உயிர் இறைவன் தந்த அமானிதம். அதைப் போக்கிக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு சிகிச்சையையும் இறுதிவரை ஏற்பது கடமையா? வலிப்பு நோயால் வருந்திய ஒரு பெண்மணி, தமக்காகப் பிரார்த்திக்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டிய செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. பொறுமை கொண்டால் சுவனம், விரும்பினால் நலம் வேண்டிப் பிரார்த்தனை என இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். நோய் கண்டு விழும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டுக்கொண்டார். மருத்துவம் செய்வது எல்லா நிலையிலும் வாஜிப் அன்று என்பதற்கு உலமாக்கள் பலர் இதை ஆதாரமாகக் காட்டுவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே ஆடை குலைந்து கிடப்போரைக் காணும்போதெல்லாம், அப்பெண்மணியின் இரண்டாவது வேண்டுகோளே எனக்கு நினைவில் எழுகிறது.

1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மூளையின் செயல்கள் யாவும் மீளாதவாறு நின்றுவிட்டதாக நிபுணர்கள் தீர்மானித்தால் உயிர்காப்புக் கருவிகளை அகற்றலாம் என்றது. மூளை இயங்கியும் நினைவு திரும்பாதோரின் நிலை இதில் அடங்காது. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் மறையும்வரை 42 ஆண்டுகள் அந்நிலையிலேயே கிடந்தார்.

அவர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கருணைக்கொலைக்கு அனுமதி மறுத்தது. எனினும் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு உயர் நீதிமன்ற ஒப்புதலோடு வழி திறந்தது. காமன் காஸ் வழக்கில் 2018 மார்ச் 9 அன்று மருத்துவ உயிலையும் ஏற்றது. 2023இல் நடைமுறை எளிதாயிற்று: இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். மருத்துவமனையில் இரு மருத்துவக் குழுக்கள் ஒப்பவேண்டும். நச்சு ஊசி செலுத்துவது இன்றும் குற்றமே.

பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தந்தையைக் கொண்டுசெல்லும் மகனுக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. வஸிய்யத் மௌத்துக்குப் பின்னரே செல்லும். இந்த உயிலோ அதற்கு முன்னரே செல்வது. ஆகவே வஸிய்யத்தின் விதிகளை அப்படியே இதற்குப் பொருத்துவது தவறு. எழுதுவோர், செயற்கைச் சுவாசம் குறித்துத் தம் விருப்பத்தையும், உணவும் நீரும் நிறுத்தப்படலாகாது என்பதையும் தனித்தனியே குறிப்பது நலம் என்பது என் கருத்து.