கிரேட் டிவைட் வடிநில நடைபயணம்

கிரேட் டிவைட் வடிநில நடைபயணம் என்பது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ராலின்ஸ் நகரிலிருந்து சவுத் பாஸ் சிட்டி வரை ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவுக்கு மேட்டுப் பாலைநிலத்தை நடந்து கடக்கும் பயணம். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை சுமார் 5,000 கி.மீ. நீளும் கான்டினென்டல் டிவைட் நெடும்பாதையின் ஒரு பகுதி இது. தோளில் கூடாரம், உணவு, தண்ணீர் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு பெரும்பாலானோர் இதை நான்கிலிருந்து ஆறு நாள்களில் முடிக்கின்றனர். உயரமான சிகரமோ செங்குத்தான ஏற்றமோ வழியில் கிடையாது. பலத்த காற்று, நிழலின்மை, தண்ணீர்ப் பஞ்சம் ஆகிய மூன்றுமே இந்நடையின் கடினம்.

அமைவிடமும் நீரமைப்பும்

வட அமெரிக்காவின் முதுகெலும்பான ராக்கி மலைத்தொடரின் உச்சிக்கோடு, கண்டத்தின் நீர்ப்பிரிமேடாகும். அதன் கிழக்கே விழும் மழை அட்லாண்டிக் பக்கமும் மேற்கே விழுவது பசிபிக் பக்கமும் போய்ச் சேரும். தென் வயோமிங்கில் இந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பள்ளத்தைச் சுற்றி வளைத்து, மறுபடி ஒன்றுசேர்கிறது. அந்தப் பள்ளமே கிரேட் டிவைட் வடிநிலம். பரப்பு சுமார் 10,000 சதுர கி.மீ.; உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 2,200 மீட்டர் வரை.

இங்கே விழும் மழைக்கு எந்தக் கடலுக்கும் வழியில்லை. மண்ணுக்குள் இறங்கும், இல்லையேல் ஆழமற்ற ஏரிகளில் தேங்கி ஆவியாகும். ஆவியான இடத்தில் உவர்ப்படலம் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஆண்டு மழையும் உருகும் பனியும் சேர்ந்தே 250 மி.மீ.க்குக் குறைவு. கோடையில் பகல் சுடும். அன்றிரவே குளிர் நடுக்கும். ஜூலையிலும் சில விடியல்களில் உறைபனி காணலாம்.

காற்றின் காரணம்

வடக்கே விண்ட் ரிவர் மலைத்தொடர் 4,000 மீட்டரைத் தாண்டி எழுகிறது. தெற்கே கொலராடோவின் மலைகள். இடையே தென் வயோமிங்கில் ராக்கி மலைத்தொடர் அறுபட்டுத் தாழ்ந்து கிடக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றோட்டத்துக்கு இது திறந்த வாசல். இரு புறமும் மலை தடுக்க, காற்று இந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகம் கூடிப் பாய்கிறது. தரையில் மரம் இல்லாததால் அதைத் தணிக்க எதுவும் இல்லை.

குளிர்காலத்தில்தான் காற்று உச்சத்தில் இருக்கும். ராலின்ஸ் வழியாகச் செல்லும் 80ஆம் எண் நெடுஞ்சாலை, காற்று தூக்கி வரும் பனியால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பலமுறை மூடப்படுகிறது. சாலையோரம் நெடுக மரப்பலகைப் பனித்தடுப்புகள் நிற்கின்றன. கோடையில் காலை அமைதியாக இருக்கும். வெயில் ஏறத் தரை சூடாகி, முற்பகலில் காற்று எழுந்து, பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்த பிறகே பெரும்பாலும் அடங்கும். நடப்போரின் நேரக்கணக்கும் இதையொட்டியே அமைகிறது.

மரமும் தண்ணீரும் இல்லாத இந்த இடைவெளிதான் ராக்கி மலைகளைக் கடப்பதற்கு மிக எளிய வழி. குடியேறிகளின் மாட்டு வண்டிகள், தபால் குதிரைகள், ரயில், நெடுஞ்சாலை ஆகிய எல்லாம் காற்று வந்த வழியிலேயே வந்தன. இன்று ராலின்சுக்குத் தெற்கே அந்தக் காற்றையே நம்பிப் பெரும் காற்றாலைப் பண்ணை எழுகிறது.

தாவரங்களும் விலங்குகளும்

கண்ணுக்கெட்டிய வரை சாம்பல் பச்சை நிறப் புதர்தான் தெரியும். சேஜ்பிரஷ் எனப்படும் இச்செடி ஆர்ட்டிமிசியா பேரினத்தைச் சேர்ந்தது; நம் பூக்கடைகளில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்துக்கு உறவு. மழை பெய்து ஓய்ந்ததும் சமவெளி முழுவதும் எழும் கார நெடியை நடந்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. செடி முழங்காலளவோ இடுப்பளவோதான் வளரும். ஆனால் வேர் ஆழமானது. உவர்மண் திட்டுகளில் கிரீஸ்வுட் என்னும் முட்புதர் வளர்கிறது.

விலங்குகளில் முதன்மையானது கவைக்கொம்பு மான் எனத்தக்க பிராங்ஹார்ன். வட அமெரிக்காவில் இதைவிட வேகமாக ஓடும் நிலவிலங்கு இல்லை. இத்தனை வேகமிருந்தும் முள்வேலியைத் தாண்ட அது தயங்கும். அடியில் குனிந்து நுழைந்து போகவே பார்க்கும். அதற்காகப் பல இடங்களில் வேலியின் அடிக்கம்பியை முள்ளில்லாததாக மாற்றி உயர்த்திக் கட்டுகிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள காட்டுக் குதிரைக் கூட்டங்களும், சேஜ்பிரஷ் இலையை நம்பி வாழும் சேஜ் குரௌஸ் என்னும் தரைப்பறவையும் இங்கு உண்டு. வசந்த காலத்தில் ஆண் பறவைகள் குறிப்பிட்ட திடல்களில் கூடி, மார்புப் பைகளை உப்பி ஆடிப் பெட்டைகளை ஈர்க்கும்.

வரலாறு

ஷோஷோனி உள்ளிட்ட தொல்குடி மக்கள் இந்நிலத்தை நெடுங்காலமாக வேட்டைக்கும் பயணத்துக்கும் பயன்படுத்தினர். வடிநிலத்தின் வடமேற்கு விளிம்பருகே உள்ள சவுத் பாஸ் கணவாயை 1812இல் ராபர்ட் ஸ்டூவர்ட் குழுவினர் மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்தனர். 1824இல் ஜெடடையா ஸ்மித் குழு அதை மறுபடி கண்டறிந்த பிறகு செய்தி பரவியது. கணவாய் என்றாலும் நெருக்கும் பாறைச் சுவர் ஏதுமில்லை. சுமார் 2,260 மீட்டர் உயரத்தில் வண்டி ஓட்டத்தக்க அகன்ற மேட்டுவெளி. 1840களிலிருந்து 1860கள் வரை ஓரிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் சென்ற பல லட்சம் பேர் இதன் வழியே போயினர். 1860-61இல் போனி எக்ஸ்பிரஸ் தபால் குதிரைகளும் இதில் ஓடின.

அந்தக் குடியேறிகளில் பெரும்பாலோர் நடந்தே வந்தவர்கள், வண்டி சாமான்களுக்கானது. வண்டிமாடு வாங்க வசதியில்லாத மார்மன் சமயத்தார் 1856இல் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டனர். தாமதமாகக் கிளம்பிய வில்லி, மார்ட்டின் என்ற இரு குழுக்கள் அக்டோபர் பனிப்புயலில் வயோமிங்கில் சிக்கின. வில்லி குழு அக்டோபர் 23 அன்று ராக்கி ரிட்ஜ் என்ற மேட்டைக் காற்றிலும் பனியிலும் ஏறிக் கடந்தது. மறுநாள் ராக் கிரீக் ஓடைக்கரையில் 13 பேரை ஒரே குழியில் அடக்கம் செய்தனர். இரு குழுக்களிலுமாக 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ராலின்ஸ் ஊரின் பெயரிலேயே தாகம் இருக்கிறது. 1867இல் ரயில்பாதை அளவைக் குழுவோடு வந்த ஜெனரல் ஜான் ராலின்ஸ் இங்கோர் ஊற்றில் நீர் குடித்தார். ஊற்றுக்கு அவர் பெயர் சூட்டினர். மறு ஆண்டு யூனியன் பசிபிக் ரயிலோடு வந்த ஊர் ஊற்றின் பெயரை எடுத்துக்கொண்டது. மறுமுனையான சவுத் பாஸ் சிட்டி 1867இல் தொடங்கிய தங்க வேட்டையில் முளைத்த ஊர். பெண்களுக்கு வாக்குரிமை தந்து வயோமிங் ஆட்சிப்பகுதி 1869இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு இவ்வூரில் எஸ்தர் ஹோபார்ட் மாரிஸ் அமைதி நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் அப்பதவி ஏற்ற முதல் பெண் அவர். தங்கம் சீக்கிரமே வற்றியது. ஊர் இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுத் தலம்.

கான்டினென்டல் டிவைட் நெடும்பாதைக்கு 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய இயற்கைக்காட்சிப் பாதை என்ற தகுதியை அளித்தது.

பாதை

ராலின்சிலிருந்து வடக்கே, 287ஆம் எண் சாலையை ஒட்டிப் பாதை தொடங்குகிறது. பிறகு ஜீப் தடங்கள், பண்ணைச் சாலைகள், எண்ணெய் வயல் சாலைகள் என வடமேற்காகப் போகிறது. பல இடங்களில் தடமே இருக்காது. அடையாளக் கம்பம் ஒன்றிலிருந்து அடுத்ததைத் தேடிச் சேஜ்பிரஷ் ஊடே நடக்க வேண்டும். இறுதிப் பகுதியில் பாதை பழைய குடியேறிகள் தடத்தோடு சேர்ந்து ஸ்வீட்வாட்டர் ஆற்றை அணுகி, பிறகு சவுத் பாஸ் சிட்டியை அடைகிறது. இடையில் கடையோ ஊரோ இல்லை.

சமதரை ஆதலால் நாளொன்றுக்கு 40 கி.மீ.க்கு மேல் நடப்போர் பலர். அதேவேளை தூரம் கண்ணை ஏமாற்றும். காலையில் அடிவானத்தில் தெரிந்த குன்று மாலையிலும் அங்கேயே நிற்பதுபோலத் தோன்றும். வடக்கு நோக்கிச் செல்வோர் ஜூன் இறுதி, ஜூலை வாக்கில் வருகின்றனர். பாதை வடமேற்காகப் போவதால் மேற்குக் காற்று அவர்களை முன்னும் இடப்புறமுமாக அறையும். தெற்கு நோக்கி வருவோர் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பரிலும் கடக்கின்றனர். காற்று அவர்களைப் பின்பக்கமிருந்து தள்ளும். ஆனால் அதற்குள் ஊற்றுகள் சில வற்றியிருக்கும்.

தண்ணீர்

நடையின் திட்டம் முழுவதும் தண்ணீர் இருக்கும் இடங்களின் பட்டியல்தான். ஓர் ஊற்றுக்கும் அடுத்ததற்கும் 25 முதல் 35 கி.மீ. வரை இருக்கலாம். ஆகவே நான்கிலிருந்து ஆறு லிட்டர் சுமப்பது வழக்கம். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், கூடாரமும் படுக்கையும் சேர்ந்த எடையைவிடத் தண்ணீர் எடை மிஞ்சிவிடும்.

கிடைக்கும் நீர் மூவகை: வேலியிட்டுக் காக்கப்பட்ட ஊற்று; மாடுகளுக்காகச் சூரிய மின்தகட்டால் இறைக்கும் கிணற்றுத் தொட்டி; மழைநீர் தேங்கும் குட்டை. வட்டமான தகரத் தொட்டியைச் சுற்றிலும் மாடுகள் மிதித்த சேறு கணுக்கால் வரை இருக்கும். நீர்மேல் பாசி மிதக்கும். வடிகட்டத் தெரிந்தவர் தொட்டிக்குள் பாத்திரத்தை முக்குவதில்லை. குழாயிலிருந்து புதிதாக விழும் நீரைப் பிடிப்பார். குழாய் ஓடாவிட்டால் கைக்குட்டையை வாயில் கட்டிய குப்பியைப் பாசிக்குக் கீழே அமிழ்த்தி மொண்டு, பிறகு வடிகட்டியில் பிழிவார். வடிகட்டி பாக்டீரியா போன்ற கிருமிகளைத் தடுக்கும். உவரையும் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சையும் தடுக்காது. உவர்ச் சுவையை மறைக்க எலுமிச்சைச் சுவைப் பொடியைக் கரைத்துக் குடிப்பார்கள்.

முகாமும் கருவிகளும்

காற்றில் கூடாரம் அடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. துணியை விரிக்கும் முன்பே காற்று வரும் பக்கத்து மூலையில் முளையை அடித்துவிட வேண்டும். அதன்பின் சுமையை உள்ளே வைத்து, மற்ற மூலைகளை இழுத்து, கடைசியில்தான் கம்பை நிமிர்த்த வேண்டும். முதலில் கம்பை நிமிர்த்தினால் துணி பாயாக விரிந்து பறக்கும். மணற்பாங்கான மண்ணில் முளை நிற்காதபோது கல் கிடைக்காவிட்டால் சேஜ்பிரஷின் அடித்தண்டில் கயிற்றைக் கட்டுவதுண்டு. குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க, கூடாரம் தாழ்ந்திருக்க வேண்டும். காற்றில்லாத இரவில் பலர் கூடாரமே அடிப்பதில்லை.

காய்ந்த புதர் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் காற்றில் அடுப்புப் பற்றவைப்பது ஆபத்து. பலர் சமைக்காமலே, ஓட்ஸையோ நூடுல்ஸையோ தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடுகின்றனர். குடை இங்கு உதவாது. கழுத்துக்கயிறு உள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, காற்றுத் தடுப்பு மேலாடை, உதட்டுக்குத் தடவும் மெழுகு ஆகியவை கட்டாயம். விடியுமுன் கிளம்பி, நடுப்பகலில் ஏதாவதொரு மேட்டின் மறைவில் ஓய்ந்து, மாலையில் மீண்டும் நடப்பது பழகியோர் முறை.

இடர்கள்

கோடைப் பிற்பகலில் இடிமேகம் திரண்டால் சமவெளியில் உயரமான பொருள் நடப்பவர்தான். தாழ்வான இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். மழை பெய்தால் களிமண் சாலை பசையாகி, ஒவ்வோர் அடிக்கும் செருப்பில் கனம் ஏறும். வண்டிகளும் புதைந்து நிற்கும். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடலில் நீர் குறைவது தெரியாமல் போவதே எல்லாவற்றிலும் பெரிய இடர்.

நில உரிமை

வடிநிலத்தில் பெரும்பகுதி கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆனால் 1860களில் ரயில் நிறுவனத்துக்கு ஊக்கமாக, ரயில்பாதையின் இரு புறமும் ஒரு சதுர மைல் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக அரசு வழங்கியது. அதனால் தென்பகுதி நிலப்படம் இன்றும் சதுரங்கப் பலகை போல இருக்கிறது: ஒரு கட்டம் பொது, அடுத்தது தனியார். பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைப் பொதுக் கட்டத்துக்கு எட்டு வைப்பது அத்துமீறலா என்ற வழக்கு, 2021இல் ராலின்சுக்குக் கிழக்கே எல்க் மலையில் வேட்டைக்குச் சென்ற சிலரால் எழுந்தது. தனியார் தரையைத் தொடாமல் அப்படிக் கடக்கலாம் என 2025இல் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எல்லையைக் கடத்தல்

வடிநிலம் முடிந்ததென்று காட்ட மதிலோ கணவாய்ச் சுவரோ கிடையாது. ஓடும் நீர்தான் அடையாளம். வடக்கு நோக்கி வருபவர் பல நாள் தொட்டியும் குட்டையும் கண்டபின் எதிர்கொள்ளும் ஸ்வீட்வாட்டர் ஆறு கிழக்கே பாய்ந்து நார்த் பிளாட் ஆற்றில் கலக்கிறது. அந்த நீருக்கு அட்லாண்டிக் பக்கம் வழியுண்டு. சவுத் பாசுக்குச் சற்று மேற்கே உள்ள பசிபிக் ஊற்றின் ஓடை எதிர்த்திசையில் போகிறது. தரை சரிவதே தெரியாத அந்த மேட்டில், மலைத்தொடரைக் கடந்துவிட்டோம் என்பதை வண்டிக் காலத்துக் குடியேறிகளும் அந்த ஓடை ஓடும் திசையைப் பார்த்தே அறிந்தனர்.