காலால் அறியும் வழி: புடைப்புக் கற்களின் அறுபது ஆண்டுகள்

மெட்ரோ நிலையங்களிலும் புதிய நடைபாதைகளிலும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைப் பலரும் பார்த்திருப்போம். பார்வையற்றோர் பாதத்தாலும் வெள்ளைக் கோலாலும் வழியறிவதற்கான ஏற்பாடு அது. ஜப்பானில் ஒரு தனிமனிதரின் முயற்சியாகத் தொடங்கியது, எப்படி உலகத் தரமாயிற்று, நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். கண்டுபிடிப்பு மட்டும் எவரையும் காப்பாற்றவில்லை. வழக்கும் கறாரான அளவும் சேர்ந்த பிறகே அது பாதுகாப்பானது என்பது என் முடிவு.

ஒக்கயாமா நகரில் விடுதி நடத்திவந்தவர் மியாக்கே செய்இச்சி. வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடந்த ஒருவர் வாகனத்தில் அடிபடாமல் நூலிழையில் தப்பியதைப் பார்த்தது அவரை உலுக்கியது. பார்வை இழந்த நண்பர் இவஹாஷி ஹிதேயுக்கி, பாசி படர்ந்த தரை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பதைச் செருப்பைத் தாண்டியும் கால் உணரும் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் 1965-இல் உருவான சிமென்ட் கல். 1967 மார்ச் 18 அன்று, ஒக்கயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலைச் சந்திப்பில் 230 கற்கள் பதிக்கப்பட்டன. பயன்படுத்துகிறவரின் உடலறிவு இந்த வடிவமைப்பின் மூலத்திலேயே இருந்தது. பின்னாளில் பல நகரங்கள் தவறவிட்டதும் அதைத்தான்.

மியாக்கே தம் கைப்பணத்தைச் செலவிட்டும் நகராட்சிகள் உடனே முன்வரவில்லை. 1970-இல் ஒசாகாவின் அபிக்கோச்சோ ரயில் நிலைய நடைமேடையில் முதன்முதலாகக் கற்கள் இடம்பெற்றன. அதே ஆண்டு ஜப்பானில் சாலை விபத்துகளில் இறந்தோர் 16,765 பேர். அந்நாட்டு வரலாற்றின் உச்சம் அது. தெருக்களை நடப்பவருக்காகத் திருத்த வேண்டும் என்ற குரல் வலுத்தது அப்போதுதான்.

ஆனால் ரயில்வேயை அசைத்தது ஒரு மரணம். டோக்கியோவின் தக்கதனோபாபா நிலையத்தைச் சுற்றிப் பார்வையற்றோருக்கான நிறுவனங்கள் பல உண்டு. அப்படியிருந்தும் நடைமேடையில் கற்கள் இல்லை. 1973 பிப்ரவரியில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் அங்கே தண்டவாளத்தில் விழுந்து ரயிலில் அடிபட்டு இறந்தார். பெற்றோர் தேசிய ரயில்வேமீது வழக்குத் தொடுத்தனர். 1979-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதுவரை கருணையாகக் கருதப்பட்ட கல், செய்யத் தவறினால் பதில் சொல்ல வேண்டிய கடமையாயிற்று.

பரவலுக்குப் பின் வேறொரு சிக்கல் வந்தது. ஆளுக்கொரு வடிவத்தில் கற்கள் தயாராயின. ஓர் ஊரில் கற்ற கால் அடுத்த ஊரில் தடுமாறியது. 2001-இல் ஜப்பானியத் தொழில்தரம் இதை ஒழுங்குபடுத்தியது. புள்ளி என்றால் நில், கோடு என்றால் நட. புடைப்பின் உயரம் 5 மில்லிமீட்டர். நடைமேடை விளிம்புக் கற்களில் உட்புறமாக ஒரு கோடும் பின்னர் சேர்ந்தது. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று கால் அதை வைத்தே முடிவு செய்துவிடும். உயரம் கூடினால் சக்கர நாற்காலி குலுங்கும், குறைந்தால் பாதத்துக்குத் தெரியாது. இருதரப்பாரையும் மனத்தில் வைக்காமல் இந்த மில்லிமீட்டர் கணக்கைத் தீர்த்திருக்க முடியாது. உலகத் தரம் 2012-இல் வந்தது.

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே ஒலி தரும் சிக்னல், நடைபாதைச் சாய்தளம், சாலையைக் கடக்குமிடத்தில் காலுக்குத் தெரியும் செதுக்கு ஆகியவற்றைச் சொல்லிவிட்டது. கூடவே, அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற சொற்களையும் சேர்த்தது. கடமையைத் தந்த கையே தப்பிக்கும் வழியையும் தந்தது. 2012-இல் இந்தியச் சாலைப் பேரவை, நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்றது. 2014-இல் சென்னை மாநகராட்சி நடப்பவருக்கும் மிதிவண்டிக்குமான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை அதற்கே ஒதுக்குவதாக அறிவித்தது. 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகன்ற நடைபாதையில் குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் போக முடியும் என்பதை நகரம் கண்ணால் கண்டது. அதைச் சிறிய சாதனை என்று நான் சொல்ல மாட்டேன்.

மற்ற தெருக்களுக்கு வருவோம். கோட்டுக் கற்கள் நேராகப் போய் மின்பெட்டியில் முட்டுகின்றன. மரத்தடியில் அறுந்து, அப்பால் மறுபடி தொடங்குகின்றன. கேபிளுக்காகத் தோண்டிய இடத்தை மூடும்போது புள்ளிக் கல் இருந்த இடத்தில் கோட்டுக் கல் வந்து உட்கார்கிறது. நில் என்று எச்சரிக்க வேண்டிய சாலை விளிம்பில், நட என்கிறது தரை. கல்லே இல்லாத நடைபாதையைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் நம்பிக் கால் வைக்கிறவரை அது ஏமாற்றுகிறது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. தக்கதனோபாபா வழக்கு ஜப்பானில் செய்ததை இத்தீர்ப்பு இங்கே செய்யக்கூடும். அதற்கு விதியோடு ஒப்பந்தமும் மாற வேண்டும். பதித்த கல்லின் சதுர மீட்டரை அளந்து பணம் கொடுப்பது போதாது. வெள்ளைக் கோலுடன் நடக்கும் ஒருவர் பேருந்து நிறுத்தத்திலிருந்து சாலைக் கடப்பு வரை அந்த வழியே தனியாக நடந்து பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பில் தொகை விடுவிக்கப்பட வேண்டும்.