பண்டைத் தமிழர் வாழ்வில் இசை

இசை என்றவுடன் மேடையும் பாடகரும் நினைவுக்கு வருதல் இக்கால இயல்பு. வேலை முடிந்து ஓய்ந்தவர் பொழுதுபோக்கக் கேட்பதே இசை என்று எண்ணுவாரும் உளர். பண்டைத் தமிழர் அவ்வாறு எண்ணினாரல்லர். உழைப்பிலும் காவலிலும் நோய் தணிப்பதிலும் அவர்கள் இசையைத் துணைக்கொண்டனர் என்பதற்குச் சங்க நூல்கள் சான்று பகர்கின்றன.

தொல்காப்பியர் ஐந்நிலங்களின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து, உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். உணவும் தொழிலும் இன்றி மக்கள் வாழ்க்கை இல்லை. அவற்றோடு ஒப்ப இசைக்கும் இடம் தந்தமை கருதத்தக்கது.

இவ்விசை செல்வர்க்கே உரியதாக இருந்ததா? இல்லை. ஆநிரை மேய்க்கும் ஆயன் தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்து பாலைப்பண் இசைத்ததையும், அது சலித்தபோது குமிழங் கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் மீட்டியதையும் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. காட்டுக் கொம்பும் நாருமே அவனுக்குப் போதுமாயின.

தினைப்புனத்தில் கொடிச்சி குறிஞ்சிப்பண் பாட, கதிர் உண்ண வந்த களிறு அதனைத் தின்னாமல் நின்றபடியே உறங்கியதாக அகநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. பாலைப்பண் கேட்டு வழிப்பறிக் கள்வரும் படைக்கலம் நழுவவிட்டனர் என்கிறது பொருநராற்றுப்படை. இவை புலவர் கற்பனை கலந்தவை ஆயினும், கொடுமையைத் தணிக்கும் ஆற்றல் இசைக்கு உண்டு என்ற மக்களின் நம்பிக்கையைப் புலப்படுத்துகின்றன. போரில் புண்பட்ட வீரனின் மனையில் வேப்பிலை செருகி, யாழுடன் பல இயங்கள் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடிய வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் தெரிவிக்கிறது.

சிலப்பதிகாரத்தில் நெய்தல் நிலத்தார்க்குக் கானல்வரி, ஆயர்க்குக் குரவை, நெல் குற்றும் மகளிர்க்கு வள்ளைப்பாட்டு என அவரவர் வாழ்வை ஒட்டியே பாட்டு அமைந்தது.

பிற்காலத்தில் கோயில்கள் இசைக்குப் புகலிடமாயின. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தினான். ஒருவருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளிக்கப்பட்டதைக் கல்வெட்டு உரைக்கிறது. இத்தகைய ஏற்பாட்டால் தேவாரப் பண்கள் வழிவழியாக நிலைத்தன. ஆனால் ஊர்தோறும் சென்ற பாணர் மரபு நலிந்தது, யாழும் வழக்கொழிந்தது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்த பின்னரே, அவ்விசைக் கருவியின் இலக்கணம் மீண்டும் தமிழர் கைக்கு எட்டியது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. காப்பாரும் பாடுவாரும் உள்ளவரை பண் வாழும். அன்றாட வாழ்விலிருந்து அகன்ற கருவியோ ஏட்டில் தேடவேண்டிய பொருளாகும். உரல் போயிற்று, வள்ளைப்பாட்டும் உடன் போயிற்று. கடல் கடந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர், பொருள் மிகுதியாகக் கொண்டுவரவில்லை; தாலாட்டையும் ஒப்பாரியையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். தொட்டில் இன்னும் இருக்கிறது. அதன் அருகே தாயின் குரல் ஒலிக்குமாயின், தமிழிசையின் முதற்பாடம் அங்கேயே தொடங்கும். அதனைத் தொடர்ந்து வளர்ப்பது பள்ளியின் கடமையன்றோ?