சண்டு: கிள்ளான் ஆற்றில் வந்த ஒரு பெயர்

தமிழில் ஏற்கெனவே ஒரு சண்டு உண்டு. வாடி உலர்ந்த சருகும் கூளமும் அது. இங்கே பேச வந்த சண்டு வேறு. காய்ச்சி வடித்து, குழாயில் வைத்துப் புகைக்கத் தோதாகச் செய்த அபினுக்கு மலாயில் இட்ட பெயர் இது. இந்தியிலும் அதே ஒலி, அதே பொருள். சரக்கு கல்கத்தா ஏலத்திலிருந்து கப்பலேறியது என்பதால், சொல்லும் அதே வழியில் வந்ததாகக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

செடியின் பாலுக்கு வேறொரு பரம்பரை. கிரேக்கர் ஓபியோன் என்றார்கள். சாறு என்பது அதன் பொருள். அரபியில் அது அஃப்யூன் ஆயிற்று. நம் அபின், அபினி இரண்டும் அந்தக் கொடியில் காய்த்தவை. மலாய்மொழி இரண்டு பரம்பரையையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக்கொடுத்தது. பச்சைச் சரக்கு அபியுன்; காய்ச்சியது சண்டு; புகைக்கும் பழக்கம் மதாட்; புகைத்தபின் குழாயில் ஒட்டிய கரி தெங்கோ. அந்தக் கரியைக்கூடச் சுரண்டி ஏழைக்கு விற்றார்கள். அதே செடியின் விதை மட்டும் எந்தக் கறையும் படாமல் கசகசாவாக நம் குருமாவில் அரைபடுகிறது. மலாய்க்காரர் சமையலிலும் அது கஸ்கஸ்தான்.

சிலாங்கூரில் சண்டு என்ற சொல்லுக்கு ரத்த வாடை ஏறியது ஒரு குடும்பச் சண்டையில். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் போதைப்பொருள் கும்பல் என்றதும் நம் மனத்தில் ஓர் இருட்டுச் சந்து தோன்றுகிறது. 1867-இல் சண்டுக்காக மோதியவர்கள் அரண்மனை வாரிசுகள்.

ஈயம்தான் முதல் காரணம். 1857-இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லாவும் லுகுட்டை ஆண்ட அவர் அண்ணன் ராஜா ஜுமாட்டும் 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் மேல்பக்கம் அனுப்பினார்கள். அம்பாங் காட்டில் ஒரே மாதத்தில் 69 பேரைக் காய்ச்சல் கொன்றது. மறுபடியும் ஆள் அனுப்பினார்கள், ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் முளைத்தது. கிள்ளானில் பரம்பரை உரிமை கொண்டாடிய ராஜா மஹ்தி, முந்தைய சுல்தான் முகம்மதின் பேரன். அவருடைய தந்தை ராஜா சுலைமான் ஆண்ட ஊர் அது. அந்த ஊர் ரியாவ் கிளையைச் சேர்ந்த ராஜா அப்துல்லாவின் கைக்குப் போனது மஹ்திக்குப் பொறுக்கவில்லை.

1866-இல் அப்துல்லா கிள்ளானின் வரி வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ஹென்றி ரீட், தான் கிம் சிங் ஆகியோருக்குக் குத்தகை விட்டார். மஹ்தி சண்டு வியாபாரத்துக்கு வரி கட்ட மறுத்தார். அரச ரத்தம் வரி கட்டுமா என்பது அவர் வாதம். இதே நேரத்தில் சுமத்ராவிலிருந்து வந்த மண்டேலிங் இனத்தவர் ஒருவர் கொலையுண்டார். நட்டஈடு கேட்ட அவருடைய கூட்டத்தாரை அப்துல்லா விரட்டினார். அவர்கள் மஹ்தியோடு சேர்ந்தார்கள். கிள்ளான் மஹ்தியிடம் விழுந்தது. சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டுக்கு மாதம் 500 வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு கொடுக்காமல் விட்டார் மஹ்தி. சுல்தான் மகள் ராஜா அர்ஃபாவோடு பேசியிருந்த திருமணமும் முறிந்தது. 1868-இல் அந்தப் பெண்ணை மணந்தவர் கெடாவிலிருந்து வந்த தெங்கு குடின். மருமகன் சுல்தானின் பிரதிநிதியானார். அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயில் அவர் பக்கம் நின்று, 1870-இல் கிள்ளானை மஹ்தியிடமிருந்து பறிக்க உதவினார். மாமன், மருமகன், மைத்துனன், தாயாதி என்று உறவுமுறை வைத்தே அணிகளைச் சொல்லிவிடலாம்.

இவர்களுக்குப் பின்னால் சீனர்களின் ரகசியச் சங்கங்கள் நின்றன. ஹாய் சான் சங்கத்தின் யாப் ஆ லோய், கோலாலம்பூர்ச் சீனர்களின் தலைவரான கப்பித்தான், குடின் பக்கம். கீ ஹின் கூட்டத்தார் எதிர்ப்பக்கம். 1872-இல் கோலாலம்பூர் எரிந்து மஹ்தி அணியிடம் போனது. குடினுக்காகப் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் அந்தத் தோல்வியில் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு பகாங் படையின் துணையோடு யாப் ஆ லோய் ஊரை மீட்டார். போர் ஓய்ந்த அதே 1873-இல்தான் கோலாலம்பூரில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது.

யாப் ஆ லோயின் குத்தகைகளில் சண்டும் ஒன்று. பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்த செங்கல் சூளையோடும் அவர் பெயரைச் சேர்த்தே சொல்வார்கள். ஆனால் சூளையைவிடச் சண்டு பெரிய வரும்படி. ஈயச் சுரங்கத்தில் தவுக்கே எனப்படும் சீன முதலாளி முன்பணமாக அரிசியும் எண்ணெயும் சண்டும் கொடுப்பார், வெளிக்கடை விலைக்கு மேல் விலை வைத்து. கணக்குத் தீர்ப்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றவன் மூட்டு வலிக்குப் புகைப்பான். புகைத்த கடனுக்காக மறுபடியும் தண்ணீரில் இறங்குவான். ஈய விலை சரிந்த ஆண்டிலும் முதலாளி பிழைத்தது இந்தக் கடைக்கணக்கில். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரவேண்டிய கோபம்தான்.

பிறகு குத்தகைக்காரரை விலக்கிவிட்டு அரசே கடையில் உட்கார்ந்தது. 1910-இல், சிங்கப்பூரை உள்ளடக்கி பிரிட்டிஷார் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களின் அரசு சண்டு காய்ச்சும் ஏகபோகத்தைத் தன் கையில் எடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் ஆலை இருந்த குன்றுக்கு புக்கிட் சண்டு என்றே பெயர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியரை எதிர்த்து மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை நின்றது அங்கேதான். போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார் புகைப்பதைத் தடை செய்தார்கள். மலாயாவில் அபாயகர மருந்துச் சட்டம் 1952-இல் வந்தது. 1983-இல் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை சேர்ந்தது. கட்டாயம் என்ற சொல் நீங்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் சொல் மாறிவிட்டது. 1980-களின் பிரச்சாரம் சண்டுவைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய மலாயில் மருந்துச் சரக்கைக் குறித்த டாடா என்பதை எடுத்துக்கொண்டது. மருந்து விஷமாகியது. சண்டு மட்டும் இளைத்து, சாப்பிட்டால் விட முடியாத பலகாரத்துக்கும் பார்க்காமல் இருக்க முடியாத தொடருக்கும் சொல்லும் செல்லப் பேச்சாக இன்றைய மலாயில் உலவுகிறது.

கும்பல்களின் பெயரும் மாறியது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைத் தடை செய்து பட்டியலிட்டது. 04, 08, 36 என்று பலவற்றுக்கு எண்களே பெயர்கள். உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்ற செய்தி வந்தபோது நம் வீடுகளில் தலைகுனிவு இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுப் புறநகர் அடுக்குமாடிக்குத் தள்ளப்பட்ட குடும்பத்துப் பையன்கள் அவர்கள். குற்றம் குற்றம்தான். ஆனால் இந்த வியாபாரத்தை இந்தப் பள்ளத்தாக்கில் தொடங்கி வைத்தவர்கள் அவர்கள் அல்லர். இங்கே அதற்கு ராஜாவும் கப்பித்தானும் பிரிட்டிஷ் ரெசிடென்டும் முன்னோடிகள். அவர்களுக்குச் சிறை கிடைக்கவில்லை, தெருப்பெயர் கிடைத்தது.

கிள்ளானில் ராஜா அப்துல்லா 1850-களில் கட்டிய கிடங்கு இன்னும் நிற்கிறது. ஒருகாலத்தில் அதை ஈய அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். அங்கே சண்டு என்ற சொல்லையும், அதன் வரியில் தொடங்கி இந்த ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் ஆறாண்டு போரிட்டதையும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும், தமிழிலும்.