காட்டுப்பள்ளி முதல் பட்டாபிராம் வரை: நிரல் எழுதும் தொழிலின் கதை

கப்பல் கட்டும் வேலை தகடு வெட்டுவதில் தொடங்குகிறது. எண்ணூருக்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது காட்டுப்பள்ளி. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் இங்குதான் உள்ளது. கடலோரக் காவல் படையின் ‘விக்ரம்’ வரிசை ரோந்துக் கப்பல்கள் இங்கே கட்டப்பட்டவை. கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனத்துடன் சேர்ந்து கட்டிய ‘அர்ணாலா’ என்ற நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் 2025 ஜூன் 18 அன்று கடற்படையில் சேர்ந்தது. இத்தகைய கப்பலின் உடற்பகுதிக்கு ஆயிரக்கணக்கான எஃகுத் துண்டுகள் வேண்டும். அவற்றை வெட்டும் இயந்திரம் ஒரு நிரலைப் படித்து இயங்குகிறது. அந்த நிரலை மனிதர் வரி வரியாக எழுதுவதில்லை. இன்னொரு மென்பொருள் எழுதித் தருகிறது. நிரலைப் பொறியே எழுதும் வழக்கம் உலோகத் தொழிலுக்கு அறுபது ஆண்டுப் பழக்கம். மென்பொருள் அலுவலகங்களில் அது பரவலானது 2021க்குப் பிறகுதான்.

பழைய கப்பல் தளங்களில் விசாலமான மரத் தளம் ஒன்று இருக்கும். கப்பலின் வளைவுகளை அதன்மேல் முழு அளவில் வரைந்து, ஒவ்வொரு வளைவுக்கும் மரச் சட்டத்தில் அச்சு செய்வார்கள். அச்சைத் தகட்டின்மேல் வைத்து, சாக்கட்டியால் கோடிழுத்து, கோட்டின் வழியே வெட்டுவார்கள். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரம் செய்து காட்டப்பட்டது. துளையிட்ட காகித நாடாவில் உள்ள எண்கள் வெட்டுக் கருவியை நகர்த்தின. அந்த எண்களைக் கையால் கணக்கிடுவது பெரும் தலைவலி. ஆகவே 1950களின் இறுதியில் அங்கேயே ‘ஆப்ட்’ என்ற மொழி உருவானது. உருவத்தின் வடிவத்தைச் சொன்னால் போதும், கருவி போகவேண்டிய பாதையைக் கணினி கணக்கிட்டுவிடும்.

இன்று அந்த வேலை இன்னும் சுருங்கிவிட்டது. வரைபடத்திலிருந்து துண்டுகளின் வடிவங்களை எடுத்து, ஒரே தகட்டில் கழிவு குறையும்படி நெருக்கி அடுக்குவதும், எங்கே துளைத்து எந்தத் திசையில் வெட்டுவது என்று முடிவு செய்வதும் மென்பொருளின் வேலை. தீச்சுடர் தின்றுவிடும் எஃகின் அகலத்தையும் அதுவே கணக்கில் சேர்த்து, ‘ஜி-கோடு’ எனப்படும் கட்டளைகளை அடுக்கித் தருகிறது. ஜி01 என்றால் நேர்கோடு, ஜி02 என்றால் வலஞ்சுழி வளைவு. ஆனாலும் தகட்டில் தீ வைக்கும் முன் கட்டளைகளைத் திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். சில வேளை சுடரை ஏற்றாமல் வெறுமனே நகர்த்தியும் பார்ப்பார்கள். தவறாக வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் வந்த பழக்கம் இது.

கணினித் துறையில் இதே முயற்சி ஏறக்குறைய அதே காலத்தில் நடந்தது. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதற்கு அந்நாளில் வைத்த பெயரிலேயே ‘தானியங்கிக் குறியீட்டு முறை’ என்ற சொல் இருந்தது. இயந்திரத்துக்கு மட்டும் புரியும் எண்களை எழுதிவந்தவர்கள் சூத்திரம் போன்ற வரிகளை எழுதத் தொடங்கினார்கள். மீதியைத் தொகுப்பி என்ற மொழிமாற்று மென்பொருள் பார்த்துக்கொண்டது. இதனால் நிரலர்களின் தேவை குறையவில்லை. நிரல் எழுதுவது எளிதானதும் எழுதவேண்டியவை பெருகின.

தமிழகத்தில் இத்தொழிலின் தொடக்க காலத்தைத் துளை அட்டைகளின் காலம் எனலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 கணினி நிறுவப்பட்டது. அன்றைய வழக்கப்படி ஓர் அட்டைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு 80 எழுத்து. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு அச்சிட்ட தாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் மறுபடி அட்டை துளைத்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் கட்டைக் கொடுக்கும் முன் நிரலைத் தாளில் வைத்து, கணினியாகத் தன்னையே நினைத்துக்கொண்டு, வரிக்கு வரி மனத்தில் ஓட்டிப் பார்ப்பது எழுதுபவரின் கடமையாக இருந்தது. திரையும் விசைப்பலகையும் வந்தபின் அந்தப் பொறுமை தேவையற்றுப் போனது. பிழையைக் கணினியே உடனுக்குடன் காட்டியது.

1990களின் இறுதியில் வந்த ‘ஒய்2கே’ வேலை சென்னைக்கு வேறொரு பாடம் தந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய பழைய ‘கோபால்’ மொழி நிரல்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்ற அச்சத்தில், மேலைநாட்டு நிறுவனங்கள் அவற்றைத் திருத்தும் பணியை இந்தியாவுக்கு அனுப்பின. அதில் புதிதாக எழுதியது குறைவு. முன்பின் தெரியாத ஒருவர் எப்போதோ எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதே முக்கால்வாசி வேலை.

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. டைடல் என்ற பெயரே டிட்கோ, எல்காட் என்ற இரு அரசு நிறுவனங்களின் பெயர்ச் சேர்க்கை. அதே டிட்கோ பின்னாளில் காட்டுப்பள்ளித் தளத்திலும் சிறு பங்காளியானது. தரமணியிலிருந்து சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று தெற்கே மென்பொருள் அலுவலகங்கள் வளர்ந்தன. வடக்கும் மேற்கும் இரும்பின் பக்கம் நின்றன: எண்ணூரில் லாரி, ஆவடியில் டாங்கி, அம்பத்தூரில் 1964 முதல் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகள், காட்டுப்பள்ளியில் கப்பல். கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கவரைப்பேட்டையில் 1995இல் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி வந்தது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் கணினிப் பொறியியல் முடித்தவர்கள் வேலைக்கு நகரைக் கடந்து தெற்கே போக வேண்டியிருந்தது. அம்பத்தூரின் பழைய ஆலை மனைகளில் ஐ.டி. கட்டடங்கள் எழுந்த பிறகு தூரம் கொஞ்சம் குறைந்தது. 2024 நவம்பர் 22 அன்று ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் 21 தளங்களுடன் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு மென்பொருள் கோபுரம் வந்து சேர்ந்தபோது மென்பொருள் எழுதும் முறையே மாறத் தொடங்கியிருந்தது.

2021 ஜூனில் கிட்ஹப் நிறுவனம் ‘கோபைலட்’ கருவியை முன்னோட்டமாக வெளியிட்டது. ஓராண்டில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பொதுவெளியில் கிடக்கும் கோடிக்கணக்கான நிரல் வரிகளில் பயின்ற அதன் மொழி மாதிரி, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைப் பார்த்து அடுத்து வரக்கூடியதைக் கணிக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும், பிழைச் செய்தியை ஒட்டிக் காரணம் கேட்பது அன்றாட வழக்கமானது. 2025இல் கிளாட் கோட், கர்சர் போன்ற கருவிகள் இன்னும் ஒரு படி ஏறின. வேலையைச் சொன்னால் அவையே கோப்புகளைத் தேடித் திறந்து, திருத்தி, சோதனைகளை ஓட்டி, தோற்றால் மறுபடி திருத்துகின்றன. கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரலில் கால் பங்குக்கு மேல் ஏஐ உருவாக்குவதாகவும், பொறியாளர்கள் அதைச் சரிபார்த்து ஏற்பதாகவும் 2024 அக்டோபரில் சுந்தர் பிச்சை சொன்னார்.

வெட்டு இயந்திரத்துக்கான மென்பொருளுக்கும் இக்கருவிகளுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வெட்டுப் பாதை வடிவ கணிதத்திலிருந்து பிறக்கிறது. ஒரே வரைபடத்துக்கு அதே பாதைதான் வரும். மொழி மாதிரி நிகழ்தகவில் இயங்குகிறது. ஒரே கேள்விக்கு இருமுறை இருவேறு நிரல் தரலாம். சில வேளை இல்லாத நூலகத்தின் பெயரை இருப்பதுபோலவே எழுதிவிடும். வேறு சில வேளை நிரல் ஓடும், சோதனையிலும் தேறும். ஆனால் கடவுச்சொல்லைப் பாதுகாப்பற்ற இடத்தில் வைத்திருக்கும். பார்வைக்கு ஒழுங்காக இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது.

வேகம் பற்றிய கணக்கும் ஒரே மாதிரி இல்லை. 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு, 16 அனுபவமிக்க நிரலர்கள் தாங்கள் நெடுநாள் பராமரித்துவரும் பெரிய திறமூலத் திட்டங்களில் செய்த 246 பணிகளை அளந்து முடிவை வெளியிட்டது. ஏஐ கருவியோடு செய்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. செய்தவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். பழகிய வீட்டில் புது ஆளுக்கு வழி சொல்லும் நேரத்தில் தானே போய் எடுத்துவிடலாம் என்பது போன்ற நிலை இது. அறிமுகமில்லாத மொழியிலோ, முதல் மாதிரியை விரைவாகச் செய்து பார்ப்பதிலோ இதே கருவிகள் நாள்கணக்கான வேலையை மணிக்கணக்காக்குகின்றன.

இந்த மாற்றத்தின் அழுத்தம் தமிழகத்தில் அதிகம் விழக்கூடிய இடம் தொழிலின் முதல் படி. சேவை நிறுவனத்தில் சேரும் ஃபிரெஷருக்குச் சில மாதப் பயிற்சி, பிறகு டெஸ்டிங், சின்னச் சின்ன ‘பக்’ திருத்தங்கள், ஆவணம் எழுதுவது என்று இரண்டு ஆண்டுகள் போகும். அந்த வேலைகள்தான் கருவிகளுக்கு முதலில் கைவந்தவை. அவற்றைச் செய்துதான் ஒருவர் பிறர் நிரலைப் படித்துப் பிழை காணும் கண்ணைப் பெற்றார். கருவி தந்ததைச் சரிபார்க்கவும் அதே கண் வேண்டும். ஆகவே முதல் படியை எடுத்துவிடும் நிறுவனம், பத்து ஆண்டு கழித்துத் தனக்குத் தேவைப்படும் மூத்த பொறியாளரையும் சேர்த்து இழக்கிறது. கல்லூரிகள் இதற்கு ஈடு செய்ய வேண்டுமானால், நிரல் எழுதச் சொல்லும் தேர்வோடு, தவறான நிரலைக் கொடுத்துப் பிழை காணச் சொல்லும் தேர்வையும் வைக்க வேண்டும்.

பொறி செய்த வேலைக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் கப்பல் தொழில் முன்பே விடை கண்டிருக்கிறது. பற்றவைப்பு கையால் நடந்தாலும் தானியங்கிப் பொறியால் நடந்தாலும், முக்கியமான இணைப்புகளை ஊடுகதிராலோ மீயொலியாலோ சோதிப்பார்கள். ‘அர்ணாலா’ இந்தியக் கப்பல் பதிவகத்தின் விதிகளின்படி கட்டப்பட்டது. அத்தகைய பதிவகத்தின் ஆய்வாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை தேறியதாகும். மென்பொருளில் அப்படியொரு பொதுப் பதிவகம் கிடையாது. கருவி எழுதிய நிரலுக்கும், அதை ஏற்றுத் திட்டத்தில் சேர்த்த பொறியாளரே பொறுப்பு.