செம்மறியில் விந்தணுத் தேக்கம்

கிடா சேர்ந்த பின், முட்டை வெளிவரும்வரை பெட்டையாட்டின் இனப்பெருக்கப் பாதையில் விந்தணுக்கள் உயிரோடு தங்கியிருப்பது விந்தணுத் தேக்கம் எனப்படும். செம்மறியின் சினைப்பருவம் ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரம் நீடிக்கும். முட்டை அதன் கடைசிக் கட்டத்தில்தான் வெளிவரும். முன்கூட்டியே வந்த விந்தணுக்கள் அதுவரை தங்கும் முக்கிய இடம் கருப்பை வாய்.

கிடா ஒரு முறை வெளியிடும் விந்து சுமார் 1 மில்லிலிட்டர். அதில் 300 கோடி அளவுக்கு விந்தணுக்கள் இருக்கும். கருக்குழாயை எட்டுபவை மிகச் சிலவே. கருப்பை வாய்க்குள் நேர்கோட்டில் அமையாத பல வளைய மடிப்புகள் உள்ளன. அவற்றின் இடுக்குகளில், சளியில் தங்கி, விந்தணுக்கள் சிறுகச் சிறுக மேலேறும். செயற்கைக் கருவூட்டலில் குழாயை உள்ளே விடாமல் தடுப்பவையும் இதே மடிப்புகள்தான். உறைவிந்தின் அணுக்களுக்கு ஆயுள் குறைவு. அவை இந்த மடிப்புகளைக் கடக்கத் திணறும். எனவே 1980களில் ஆஸ்திரேலியாவில் லேப்ராஸ்கோப் (வயிற்றில் சிறு துளையிட்டு நுழைக்கும் நோக்குக்குழாய்) வழியாக விந்தை நேரே கருப்பைக்குள் செலுத்தும் முறை உருவானது. ஆனால் நார்வேயில் ஆடு வளர்ப்போரே யோனியில் உறைவிந்தைச் செலுத்தி நல்ல பலன் காண்கிறார்கள்.

தேக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் 'குளோவர் நோய்' சான்று. 1940களில் அங்கே சப்டெரேனியன் குளோவர் என்ற மேய்ச்சல் பயிரை மேய்ந்த மந்தைகளில் குட்டி ஈனுவது சரிந்தது. காயடித்த கிடாக்களுக்குக்கூட மடி பருத்துப் பால் சுரந்தது. பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகியோர் 1946இல் இதை விவரித்து எழுதினர். குளோவரிலுள்ள ஃபார்மோனோனெடின் ஆட்டின் அசையூண் வயிற்றில் ஈக்வாலாக மாறி, பெண்மை ஹார்மோனைப் போல வேலை செய்கிறது. தொடர்ந்து மேய்ந்த பெட்டைகளின் கருப்பை வாய்த் திசு கருப்பைத் திசுவைப் போல உருமாறுகிறது. மடிப்புகள் குலைந்து, சளி நீர்த்துப்போகிறது. ஆடு பருவத்துக்கு வரும், கிடாவும் சேரும்; விந்தணு தங்காததால் சினை பிடிக்காது. கிடாவை மாற்றிப் பயனில்லை.

டுவல்கானப், யார்லூப் போன்ற பழைய குளோவர் ரகங்களில் ஃபார்மோனோனெடின் மிகுதி. பின்னர் இது குறைவாக உள்ள சீட்டன் பார்க், டிரிக்காலா முதலிய ரகங்கள் பயிருக்கு வந்தன. மேய்ச்சலை மாற்றினால் தற்காலிக மலட்டுத்தன்மை நீங்கும். நிரந்தரமாகப் பாதிக்கப்பட்ட பெட்டைக்கு மருந்து இல்லை. மந்தையிலிருந்து கழிப்பதே வழி.