திரும்பி வந்தபின்: நேபாளத்தில் ஆள்கடத்தலிலிருந்து மீண்ட இளம்பெண்களும் ஊர் ஆதரவும்

ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களைச் சமூகத்தோடு மீண்டும் இணைப்பது பற்றிய திட்ட அறிக்கைகளைப் படித்தால், அந்தச் சமூகம் வாசலில் ஆரத்தியோடு காத்திருக்கிறதோ என்று தோன்றும். நேபாள அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. விற்றவரே சில வேளை உறவினராகவோ பக்கத்து வீட்டாராகவோ இருக்கிற ஊரில், ஆதரவைப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டியிருக்கிறது. அதை உருவாக்குவதில் முதன்மைப் பங்கு மீண்டு வந்த பெண்களுடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1996 பிப்ரவரியில் மும்பையின் பாலியல் விடுதிகளில் காவல்துறை சோதனையிட்டு ஏறத்தாழ 500 பெண்களை மீட்டது. அவர்களில் 200 பேருக்கு மேல் நேபாளிகள். நேபாள அரசு அவர்களை ஏற்கத் தயங்கியது. குடியுரிமைச் சான்று இல்லாதவர்களை நேபாளிகள் என்று எப்படி ஏற்பது என்ற கேள்வியோடு, எய்ட்ஸைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பீதியும் சேர்ந்துகொண்டது. மாதக்கணக்கில் இந்தியக் காப்பகங்களில் கிடந்தவர்களில் 128 பேரை ஜூலையில் தொண்டு நிறுவனங்களே காத்மாண்டுக்கு அழைத்து வந்தன.

அவர்களில் 15 பேர் அதே ஆண்டில் தொடங்கிய அமைப்பு 'சக்தி சமூஹ'. ஆனால் 2000இல்தான் அதைப் பதிவு செய்ய முடிந்தது. பதிவுக்குக் குடியுரிமைச் சான்று வேண்டும். சான்றுக்கு அப்போது தகப்பனோ கணவனோ வந்து இன்னார் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. மகள் திரும்பி வந்ததையே ஊருக்கு மறைக்கும் தகப்பன் அலுவலகப் படியேறுவாரா? அந்தத் தாள் இல்லையென்றால் வங்கிக் கணக்கும் கிடையாது, நிலத்தில் பாத்தியதையும் கிடையாது. உளவியல் ஆலோசனை பற்றி எழுதிக் குவிக்கும் ஆய்வாளர்கள் இந்தத் தாளை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது வியப்பளிக்கிறது.

மறுவாழ்வு என்றதும் தையல் எந்திரம் கொடுப்பதும் இதுபோன்ற கவனக்குறைவுதான். நேபாள மலைக் கிராமங்களில் தையல், தீண்டாமைக்கு ஆளான தமாயி சாதியினரின் குலத்தொழிலாகக் கருதப்பட்டு வந்தது. அங்கே பிற சாதிப் பெண் எந்திரத்தோடு போய் இறங்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது. தமாயிக் குடும்பத்தின் பிழைப்பிலும் கைவைத்ததாகும். எந்தத் தொழில் என்பதை அவளிடம் கேட்டு முடிவு செய்வதுதான் முறை.

மீண்டவர்களின் அமைப்பு தரும் பலம் வேறு வகையானது. சக்தி சமூஹவின் நிறுவனர்களில் ஒருவரான சாரிமாயா தமாங் தம்மைக் கடத்தியவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். 1997இல் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். ஊரைப் பகைத்துக்கொண்டு நீதிமன்றம் போகும் ஒரு பெண்ணுக்கு, அதே பாதையில் நடந்தவர்கள் பக்கத்தில் இருப்பது எந்தக் காப்பகமும் தர முடியாத துணை. 2013இல் அந்த அமைப்புக்கு மகசேசே விருது கிடைத்தது.

பாதிக்கப்பட்டவர்கள் தலையிலேயே சுமையை ஏற்றி அரசைத் தப்பவிடுகிறோமே என்ற ஆட்சேபம் நியாயமானது. நேபாளத்தின் 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் மறுவாழ்வு மையங்களுக்கும் நிதிக்கும் வழிசெய்தது. குற்றவாளிக்கு விதிக்கும் அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் இழப்பீடு என்றது. அபராதம் வசூலாகாவிட்டால் அந்த இழப்பீடு ஏட்டுச் சுரைக்காய்தான். ஆகவே அமைப்புகள் அரசுக்கு மாற்றல்ல, அரசை உலுக்கிக் கேட்கிற வாய்.

இளவயதினர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது சட்டம். பெயர்ப்பலகை மாட்டிய ஜீப் மலைப்பாதையில் ஏறி ஒரு வீட்டு முன் நின்றாலே அடையாளம் அம்பலமாகிவிடும். நேபாளக் கிராமங்களில் 'ஆமா சமூஹ' என்ற தாய்மார் குழுக்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. பள்ளிக் கட்டணம், ஆட்டுக்குட்டி, சிறுகடன் எதுவானாலும் அக்குழு வழியாக, ஊரின் பிற ஏழைச் சிறுமியருக்கும் சேர்த்துக் கொடுத்தால், எந்த வீட்டுக்கு எதற்காக வந்தது என்று யாரும் விரல் நீட்ட வேண்டியதில்லை. செலவு கூடும், நிதி தருபவர்கள் மீண்டவர்களின் தலையை எண்ணிக் கணக்குக் கேட்பதை விடவும் வேண்டியிருக்கும்.